உத்தரத்தில் தொங்கிய காசு

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. இடமாற்றம் ரத்தாகவில்லை என்பது வருத்தம்தான். நீ தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாய் என்று கீதாவும் போனில் சொன்னாள். இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

கன்பூசியஸ், புத்தர், இயற்கையின் போக்கோடு போ என்கிற சீனத்துத் தாவோ, இதில் யார் சொல்வது இந்த மாதிரி நேரத்துக்கு உதவும் என்று கேட்டிருந்தாய். கிண்டலாகக் கேட்டாயோ என்னவோ, எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் சு தோங்போ. சீனாவில் சோங் அரசர்கள் காலத்துக் கவிஞர், அரசு அதிகாரி. புதிய சட்டங்களைக் கவிதையில் கிண்டலடித்தார் என்று 1079-இல் சிறையில் போட்டார்கள், தலை தப்பியதே பெரிது, அடுத்த வருடம் யாங்சி ஆற்றங்கரையில் ஹுவாங்சோ என்ற ஊருக்குத் துரத்திவிட்டார்கள். பெயருக்கு ஒரு பதவி, கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம்கூடக் கிடையாது. அங்கிருந்து நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வீட்டுச் செலவுக் கணக்கைச் சொல்கிறார்: மாதம் பிறந்ததும் 4,500 காசை 30 முடிச்சாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவாராம், காலையில் கோலால் ஒரு முடிச்சை இறக்கிவிட்டுக் கோலை ஒளித்து வைத்துவிடுவாராம். அன்றைக்கு மிஞ்சியது மூங்கில் குழாயில் போகும், விருந்தாளி வந்தால் செலவழிக்க.

அந்த ஊரில் அவர் மூன்றையும் வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார். கன்பூசியஸின் ‘உரையாடல்கள்’ நூலுக்கு உரை எழுதினார், சில நாட்களுக்கு ஒருமுறை அங்குவோ விகாரைக்குப் போய் ஊதுவத்தி ஏற்றித் தியானத்தில் உட்கார்ந்தார், ஒரு குளிர்காலத்தில் தாவோ கோயிலில் 49 நாள் தங்கினார். எது சரி என்று பட்டிமன்றம் நடத்தவில்லை.

அதற்காக மூன்றும் ஒன்றையே சொல்கின்றன என்பார்கள் பார், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய சீனத்தின் சென், சாய் நாடுகளுக்கு நடுவே சோறில்லாமல் மாட்டிக்கொண்டபோது சீடர் ட்சிலூ கன்பூசியஸிடம் கோபமாகக் கேட்கிறார், நல்லவனுக்கும் இந்தக் கதி உண்டா என்று. உண்டு, ஆனால் சின்னத்தனமானவன்தான் அப்போது நிலைதடுமாறுவான் என்கிறார் குரு. அவ்வளவுதான். கஷ்டம் ஏன் வந்தது என்ற பேச்சே இல்லை. புத்தர் காரணத்துக்கே போகிறார், பற்று இருக்கும்வரை துக்கம் உண்டு என்கிறார். சரிதான், ஆனால் பிள்ளைகளைப் பிரிந்து இருப்பவனிடம் போய்ப் பற்றை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாவோ ஞானி சுவாங்ட்சு கதை உனக்குப் பிடிக்கும். மனைவி இறந்துபோக, இவர் காலை நீட்டி உட்கார்ந்து பானையைத் தட்டிப் பாடுகிறார். துக்கம் கேட்க வந்த நண்பர் ஹுயிட்சு திட்டுகிறார். பலர் இதோடு நிறுத்திக்கொண்டு தாவோக்காரன் கல்நெஞ்சன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுவாங்ட்சுவின் பதில் தொடங்குவதே, அவள் இறந்தபோது எனக்கு மட்டும் மனம் கலங்காமலா இருந்தது என்றுதான். அப்புறம்தான் பருவங்கள் மாறுவதுபோல் அவளும் மாறினாள், நான் ஏன் அலற வேண்டும் என்கிறார். அழுது முடித்தவன் பேசுகிற பேச்சு அது.

என்னைக் கேட்டால், அந்த மேலதிகாரி எதிரில் உட்காரும்போது கன்பூசியஸ் போதும், ராத்திரித் தூக்கம் வராவிட்டால் சுவாங்ட்சு. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், புத்தர் பக்கம்தான் பேசுவாய், தெரியும்.

தோங்போவை அப்புறமும் விடவில்லை, 1097-இல், அறுபது வயதில், ஹைனான் தீவுக்கே அனுப்பினார்கள். அங்கேயும் போய்ப் பையன்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உன்னைக் கடல் தாண்டியெல்லாம் போட மாட்டார்கள், பயப்படாதே!

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று சொல், நானும் அதற்கேற்ப டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
ரவி