இடிந்த கூரையை யார் பேசினார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனில் குடியேற்றத்தை வைத்து நடக்கும் அரசியல் சண்டை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். யார் என்ன பேசினார், யார் பதிலடி கொடுத்தார் என்பதெல்லாம் விரிவாக இருந்தது. அந்தச் சத்தத்தில் எது காதில் விழாமல் போகிறது என்பதை மட்டும் காணோம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

2018 ஜூலையில் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கூரை இடிந்து விழுந்தது. வார இறுதி என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். அந்தக் கூரையில் இருந்தது 'ராக்' என்ற இலகுவகை கான்கிரீட். உள்ளே காற்றுக்குமிழிகள் நிறைந்திருக்கும்; ஆயுள் சுமார் 30 ஆண்டுதான். அதே மாதம் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவது) தகராறில் அமைச்சர்கள் பதவி விலகினார்கள், நாடே அதைப் பேசியது.

ஐந்து ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாளே இருக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இத்தகைய கட்டடங்களை மூடச் சொன்னது அரசு. ஆண்டுக்கு 300 முதல் 400 பள்ளிகளைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது, நிதித்துறை 100-க்குத்தான் பணம் தந்தது, பிறகு அதையும் 50 ஆகக் குறைத்தது என்று கல்வித்துறையின் முன்னாள் செயலர் ஜோனதன் ஸ்லேட்டர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு அரசின் முழக்கமோ, குடியேறிகள் கடல் கடந்து வரும் 'படகுகளை நிறுத்துவோம்' என்பது. அப்படி வந்தவர்களை ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்துக்கு 70 கோடி பவுண்டு செலவானதாக அடுத்து வந்த அரசு சொன்னது. அங்கே போனது தாமாக முன்வந்த நான்கு பேர்.

குடியேற்றத்தைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனில் உற்பத்தித்திறன் தேங்கிப்போனதற்குப் படகில் வந்தவர்களா காரணம்? ஜி-7 என்ற ஏழு பணக்கார நாடுகளில் முதலீட்டில் பல ஆண்டுகளாகக் கடைசி வரிசையில் நிற்கும் நாடு அது. இயந்திரம், ரயில், கட்டடம் எல்லாவற்றிலும் பணம் போடாமல் இழுத்தடித்தார்கள். முதலீடு என்றால் இன்றைக்கே வரியோ கடனோ வேண்டும், பலன் வரும்போது ஆட்சியில் வேறொருவர் இருப்பார். அதனால்தான் பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் எந்த அரசும் முதலில் மூலதனச் செலவில், அதாவது கட்டடம், ரயில் போன்ற நீண்டகாலச் சொத்துக்கான செலவில், கைவைக்கிறது. சம்பளத்தை நிறுத்தினால் மறுநாளே போராட்டம்; பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் பத்து வருஷம் யாருக்கும் தெரியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டுப் பட்ஜெட்டைப் பற்றி எழுதினாலும், மூலதனச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், ஆண்டு முடிவில் உண்மையில் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். தலைவர்களின் வாக்குவாதத்துக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்