ரேஷன் கடை வேப்பமரத்தை வெட்டாதீர்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

ரேஷன் கடை எதிரே நிற்கும் வேப்பமரத்தில் உங்கள் ஆட்கள் சிவப்பு பெயின்டால் எண் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போன வாரக் காற்றில் ஒரு கிளை முறிந்துவிட்டதால் அது ஆபத்தான மரமாம். பேவர் பிளாக் போட்டபோது அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் கலவையைக் கொட்டியதும், வேண்டாம் என்று நாங்கள் மனு கொடுத்ததும் உங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்ததுதான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மரத்தை வெட்டாதீர்கள், அதைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட்டைப் பெயர்த்து எடுங்கள்.

வேம்பு லேசில் சாகிற மரம் இல்லை. ராமநாதபுரத்து வறட்சியிலேயே நின்று காட்டுகிற மரம். மண் காய ஆரம்பித்ததும் அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் மூலமாக இலைக்குத் தகவல் போய், இலைத்துளைகள் மூடிக்கொண்டு, இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் வேருக்குக் காற்று வேண்டும். வேர் மூச்சுவிடுவது மண்ணின் இடுக்குகளில் உள்ள ஆக்சிஜனில், நீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, அந்த மேல்மண்ணைத்தான் நீங்கள் இறுக்கி மூடிவிட்டீர்கள்.

ஆணிகளையும் சொல்ல வேண்டும். டியூஷன் சென்டர், பிளாட் விற்பனை, கட்சி போர்டு என்று அந்த அடிமரம் முழுக்க ஆணி. நம் தோல் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறாது. அடிபட்ட இடத்தைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே தடுப்பு எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக்கட்டையை வளர்த்துக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையின் மரநோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். அந்தத் தடுப்பை எழுப்பச் சேமித்து வைத்த மாவுச்சத்து செலவாகும். ஒவ்வொரு ஆணிக்கும் மரம் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, வேரை மூடியதால் புதிதாகச் சேமிக்கவும் வழியில்லை. இந்த வருடம் பங்குனியில் துளிர் பாதிதான் வந்தது, உச்சிக் கிளைகள் காய்ந்துவிட்டன. அப்படிக் காய்ந்த கிளைதான் முறிந்தது. மரத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்த அலுவலகமே அதை ஆபத்து என்று எழுதுவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

காலை ஒன்பது மணிக்கே அரிசிக்கு வரிசையில் நிற்கும் பாட்டிகளுக்கு அங்கே வேறு நிழல் கிடையாது. இதே நகராட்சி ஒவ்வொரு ஆண்டும் மரக்கன்று நடு விழாவுக்குப் பந்தல் போடுகிறது. நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று யாராவது கணக்கு எடுத்திருக்கிறார்களா? வளர்ந்து நிற்கும் மரத்தைக் காப்பாற்ற ஒரு கடப்பாரையும் அரை நாள் கூலியும் போதுமே.

டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமென்ட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. நாங்களும் அந்த ஒரு மீட்டரைத்தான் கேட்கிறோம்.

கோபத்தில் ஏதாவது அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டும் உத்தரவை தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். மரம் தெரிந்த ஒருவரை அனுப்பி, காய்ந்த கிளைகளை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள், அப்புறம் சிமென்ட்டை எடுத்துவிடுங்கள். ஆணி பிடுங்க எங்கள் தெருப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள், எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ரேஷன் கடைத் தெருவாசி