நட்சத்திர ஆமைகளுக்கு ஓர் இலைத் தோட்டம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாட்டு வைத்தியருக்கு உட்காரக்கூட நேரமிருக்காது என்று என் அப்பா சொல்வார். வருஷமெல்லாம் புல்லும் வைக்கோலும் தின்ற மாட்டுக்கு அன்று ஒரு நாள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பொங்கலை உருட்டி ஊட்டுவார்கள். புல்லைச் செரித்துப் பழகிய இரைப்பையில் அவ்வளவு சோறும் ஒரேயடியாகப் போய்ப் புளிக்கும். விடிவதற்குள் வயிறு உப்பி மாடு படுத்துவிடும். சில மாடுகள் எழுந்திருப்பதே இல்லை. ஊட்டிய கைகள் எல்லாம் அந்த மாட்டைக் கும்பிட்ட கைகள்தான்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், சிங்கப்பூர் ஈசூனிலிருந்து சனிக்கிழமைதோறும் நம் குழுவினர் போய் இலை நறுக்கிக் கொடுத்துவரும் மீட்பு நிலையத்தில் நாங்கள் பார்ப்பதும் இதைத்தான். அங்கு இருப்பவை வீடுகளிலிருந்தும் கடத்தல் பெட்டிகளிலிருந்தும் பறிமுதல் செய்யப்பட்ட உயிர்கள்: நட்சத்திர ஆமைகள், இகுவானாக்கள், தேவாங்கு, எப்போதாவது தாயைப் பிரிந்த மூசாங் எனும் மரநாய்க் குட்டிகள். பட்டினியால் வாடி வருபவை குறைவு. கிடைத்ததையெல்லாம் ஊட்டியதால் எலும்பும் பல்லும் ஈரலும் கெட்டு வருபவையே அதிகம். அவற்றுக்குச் சரியான தீனி தர ஓர் இலைத் தோட்டமும், ஒரு சிறிய உணவு அறையும், தமிழில் ஒரு கையேடும் அமைக்கக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்காகத்தான் உங்கள் முன் வந்து நிற்கிறோம்.

நான் முதன்முதலில் கையில் வாங்கிய நட்சத்திர ஆமையை இன்றும் மறக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அந்த மஞ்சள் கோடுகளின் அழகுக்காகத்தான் கடத்துகிறார்கள். ஓட்டின் ஓரத்தை நிலையத்துப் பெண் மெல்ல அழுத்திக் காட்டினார். ஊறவைத்த பாக்குமட்டை போல அது வளைந்தது. கல் மாதிரி இருக்க வேண்டிய ஓடு. நடக்க முயன்றபோது வயிறு தரையில் தேய்ந்தது. கால்கள் உடம்பைத் தூக்கவில்லை. முன்பு வைத்திருந்த வீட்டில் சோறும் தக்காளியும் ரொட்டியும் கொடுத்தார்களாம். அவர்கள் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தாங்கள் சாப்பிட்டதைப் பகிர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் நம் ஊர்ப் பக்கத்து வறண்ட புதர்க்காடுகளில் இந்த ஆமை புல்லையும் இலையையும் பூவையும் கள்ளியையும் மேய்ந்து வாழும். அவற்றில் சுண்ணாம்புச்சத்து நிறைய இருக்கும். சோற்றிலும் ரொட்டியிலும் அது மிகக் குறைவு, பாஸ்பரஸ்தான் கூடுதல். உண்ணும் தீனியில் பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச்சத்து அதிகமாக இருக்க வேண்டும். அது தலைகீழானால் ரத்தத்தின் தேவைக்கு உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை அரித்து எடுக்கும். ஓடும் எலும்புதான். கூண்டில் வளரும் ஊர்வனவற்றில் மருத்துவர்கள் மிகச் சாதாரணமாகக் காணும் நோய் இது.

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதைத் தோலில் உண்டாக்க வெயிலிலுள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டின் ஜன்னலோரம் வைத்து "நல்லா வெயில் படுதே" என்று நிம்மதி அடைகிறோம். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். சூடு வரும், வெளிச்சம் வரும், வேண்டியது மட்டும் வராது. அதற்கென்று தனி விளக்குகள் இருக்கின்றன. ஆனால் அவையும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் கதிரை இழந்துவிடும். வெளிச்சம் மட்டும் முன்பு போலவே எரியும். எரிகிறதே என்று விட்டுவிட்டால் ஆமை இருட்டில் இருப்பதற்குச் சமம். நமது வரவுசெலவில் விளக்கை இரண்டு முறை வாங்கக் கணக்குப் போட்டிருப்பதற்கு இதுவே காரணம். கூட்டத்தில் சிலர் கேட்டதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

என் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் மகளுக்கு ஒரு சிவப்புக்காது ஆமைக்குட்டி வாங்கிக் கொடுத்தோம். அது இங்கே வளர்க்க அனுமதி உள்ள ஆமைதான். கடையில் ஒரு டப்பா காய்ந்த இறாலைக் கையில் கொடுத்து, இதைப் போட்டால் போதும் என்றார்கள். நாங்களும் அதையே போட்டோம். ஐந்தாறு மாதத்தில் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. தூங்குகிறது என்றுதான் நினைத்தோம். கண் தெரியாததால் அது தின்பதை நிறுத்தியிருக்கிறது. அதையும் தூக்கம் என்றே எண்ணினோம். மருத்துவரிடம் போனபோது, வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகள் தடித்து அடைத்துக்கொள்ளும் என்றார். ஊசி போட்டு ஒரு கண் பாதி திறந்தது. மறு வாரம் இறந்துவிட்டது. மகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா, நாம தினமும் சாப்பாடு போட்டோமே?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்தக் குழுவுக்கு வந்தேன்.

இது ஆமையோடு நிற்பதில்லை. எலும்பில்லாத வெறும் சதை இறைச்சியில் சுண்ணாம்பைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து இருபது மடங்கு இருக்கும். கோழி நெஞ்சுக்கறி மட்டுமே தின்று வளரும் காட்டுப் பூனைக் குட்டியின் கால் எலும்பு குதித்தாலே முறியும். காட்டில் அது இரையை எலும்போடும் ஈரலோடும் தின்னும். இங்கு தடை இருந்தும் சிலர் ஒளித்து வளர்க்கும், மரம்விட்டு மரம் சறுக்கித் தாவும் சிறு விலங்கான சுகர் கிளைடருக்குப் பழம் மட்டுமே கொடுத்தால் பின்னங்கால்கள் செயலிழந்துவிடும். மீன் தின்னும் விலங்குகளுக்கு உறைந்த மீனையே கொடுத்து வந்தால் சில வகை மீன்களில் உள்ள நொதி வைட்டமின் பி1 ஐ அழித்துவிட, நரம்பு தளர்ந்து வலிப்பு வரும். அதனால்தான் பராமரிப்பாளர்கள் மீனின் செவுளுக்குள் மாத்திரையைச் செருகிக் கொடுக்கிறார்கள்.

பழத்தைப் பற்றித்தான் பலரும் என்னோடு வாதிடுகிறார்கள். குரங்குக்கு வாழைப்பழம் என்று படம் போட்டுப் படித்தவர்கள் நாம். ஆனால் கடைப்பழம் மனிதன் நாக்குக்காக இனிப்பேற்றி வளர்த்தது. காட்டுப்பழத்தின் நாரும் துவர்ப்பும் அதில் இல்லை. இங்கிலாந்தின் பெயின்டன் விலங்குத் தோட்டம் 2014 இல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியது. மெல்பர்ன் விலங்குத் தோட்டமும் 2018 வாக்கில் பல விலங்குகளைப் பழத்திலிருந்து இலைக்கு மாற்றியது. சர்க்கரையும் உடல் பருமனும் பல் சொத்தையும்தான் காரணம். கூண்டில் வாழும் வளர்ந்த ஆண் கொரில்லாக்கள் இறப்பதற்கு இதயநோயே முதன்மைக் காரணமாக இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மாவு பிஸ்கட்டை விட்டுவிட்டுக் கூடை கூடையாகக் கீரைக்கு மாற்றிப் பார்த்தார்கள். கொரில்லாக்களின் எடை குறைந்தது.

தேவாங்கு நம் மொழியில் ஒல்லியானவரைக் கேலி செய்யும் சொல்லாகிவிட்டது. கடவூரில் அதற்கென்று 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அமைத்துத் தமிழ்நாட்டு அரசு 2022 இல் அறிவித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அதன் உறவான இன்னொரு தேவாங்கு சிங்கப்பூர்க் காட்டிலேயே அரிதாக வாழ்கிறது. மரப்பட்டையைப் பல்லால் கீறி வழியும் பிசினை நக்குவதும், தேனும் பூச்சியும் தின்பதும் அதன் வாழ்க்கை. விற்பவர்கள் கடிக்காமலிருக்க அந்தப் பல்லையே வெட்டிவிடுகிறார்கள். வாங்குபவர்கள் பழம் கொடுக்கிறார்கள். ஈறு அழுகி, சர்க்கரை நோய் வந்து சேர்கிறது. நிலையத்துத் தேவாங்குக்கு நாங்கள் சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கருவேலம் பிசினை நீரில் குழைத்து மூங்கில் துளையில் அடைத்து வைத்தோம். அரை மணி நேரம் அசையாமல் அதையே நக்கிக்கொண்டிருந்தது. பிசின் முடிந்த பிறகும் துளையை விடவில்லை.

மைனா வளர்க்கும் பெரியவர்கள் இதைக் கவனித்துப் படிக்கும்படி வேண்டுகிறேன். மலை மைனாவும் இருவாச்சியும் உணவிலிருக்கும் இரும்பை வேண்டாம் என்று தடுக்கத் தெரியாத பறவைகள். இரும்பு ஈரலில் படிந்துகொண்டே போகும். வயிறு வீங்கும், மூச்சு வாங்கும், ஒரு காலையில் கூண்டின் அடியில் கிடக்கும். இவற்றின் தீனியில் இரும்பு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நாய் பிஸ்கட்டை ஊறவைத்துத் தருவது ஆகவே ஆகாது. ஆரஞ்சுச் சுளையும் நல்லது இல்லை. அதன் வைட்டமின் சி இரும்பை இன்னும் அதிகமாக உறிஞ்ச வைக்கும். நமக்கு மருந்தாக இருப்பது அதற்கு நஞ்சாகிறது.

இனித் தோட்டம். நம் புளோக்குக்குப் பின்னாலுள்ள சமூகத் தோட்டத்தில் நான்கு பாத்திகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தேக்கா சந்தையில் கீரை வாங்கினால் போதாதா என்று கேட்டார்கள். இதுவரை அப்படித்தான் செய்தோம். ஆனால் பசலையிலும் முளைக்கீரையிலும் உள்ள ஆக்சாலேட் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தினமும் கொடுக்க முடியாது. கடைக்கீரையில் மருந்து அடித்திருக்கிறார்களா என்றும் தெரியாது. செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை, முருங்கை, சப்பாத்திக் கள்ளி, புல் என்று நாமே வளர்த்தால் என்ன வெட்டுகிறோம் என்று நமக்குத் தெரியும். செம்பருத்திக் குச்சிகள் ஏற்கெனவே துளிர்த்துவிட்டன. சென்ற சனிக்கிழமை முதல் பூவைப் பறித்து நான் சொன்ன அந்த ஆமையின் முன் வைத்தோம். பதினான்கு மாதமாகிறது அது வந்து. இப்போது நான்கு காலையும் ஊன்றி உடம்பைத் தரையிலிருந்து தூக்கி நடக்கிறது. பூவை ஒரு பக்கமாகக் கடித்து இழுத்து, மகரந்தம் மூக்கில் ஒட்ட ஒட்டத் தின்றது.

ஓராண்டுக்குக் குழு கணக்கிட்ட செலவு 11,000 சிங்கப்பூர் வெள்ளி. இதில் பெரிய பங்கு, 3,600 வெள்ளி, ரத்தம், மலம், எக்ஸ்ரே பரிசோதனைகளுக்கு. தீனியை மாற்றிவிட்டு எலும்பு தேறுகிறதா என்று பார்க்காமல் இருந்தால் நாமும் குருட்டு நம்பிக்கையில் ஊட்டுபவர்களாகிவிடுவோம். யூவிபி விளக்கு பன்னிரண்டு, வருஷத்தில் இரண்டு முறை வாங்க 1,560 வெள்ளி. தமிழ்க் கையேடு ஆயிரம் பிரதிகளுக்கு 2,000. மண், தொட்டி, குழாய் வேலைக்கு 1,500. சுண்ணாம்புத் தூளும் வைட்டமின்களும் 1,100. உறைபெட்டி 900. தராசும் அரைக்கும் இயந்திரமும் 340. உறுப்பினர்கள் ஏற்கெனவே தந்தது 2,650 வெள்ளி கையில் இருக்கிறது. இன்னும் 8,350 வெள்ளி தேவை. விலங்குகளை விலைக்கு வாங்க இதில் ஒரு காசுகூடச் செலவாகாது. குழுவில் யாருக்கும் சம்பளமோ பயணப்படியோ இல்லை.

கையேட்டுக்கு ஏன் இவ்வளவு என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு அன்று நான்கு பக்கத்தில் தமிழில் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் என் மகளின் ஆமை பிழைத்திருக்கும். அனுமதியுள்ள ஆமைக்கும் கூண்டுப் பறவைக்கும் என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று மருத்துவர் ஒருவர் சரிபார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது குற்றம் என்பதையும் அதில் தெளிவாகச் சொல்வோம். 2019 முதல் அதன் உலக வணிகமே தடைப்பட்டியலில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் இங்கிருந்து 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பின. வீடு திரும்ப உடம்பில் வலு வேண்டும். ஓடு கெட்டிப்பட வேண்டும். ஒரு வீட்டிலிருந்து 1971 இல் மீட்கப்பட்ட, சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்து ஓராங் ஊத்தான் ஆ மெங்கை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். முறையான பராமரிப்பில் அது 2008 வரை வாழ்ந்தது.

ஒரு விளக்குக்கு 65 வெள்ளி ஆகிறது. ஒரு குடும்பம் ஒரு விளக்கை ஏற்றுக்கொண்டால் பேருதவி. பத்து வெள்ளி தந்தாலும் அதே நன்றியோடு ரசீது தருவோம். கைப்பேசிவழிப் பணம் அனுப்புவதற்கான பேநவ் விவரத்தைப் பொருளாளரிடம் நேரில் கேட்டுப் பெறுங்கள். குழுவின் பெயரில் குறுஞ்செய்தியில் வரும் எந்த எண்ணுக்கும் பணம் அனுப்ப வேண்டாம். வரவும் செலவும் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படும், ரசீதுகளை யாரும் புரட்டிப் பார்க்கலாம். தீபாவளிக்குள் தொகை சேர்ந்தால் பொங்கலுக்கு முன் பாத்திகள் முழுமை பெறும்.

பணம் தர இயலாதவர்கள் இரண்டு பொருள்கள் தரலாம். கணவாய் சுத்தம் செய்யும்போது உள்ளே கிடைக்கும் வெள்ளை ஓட்டை எறியாதீர்கள். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்புப் போக்கிக் காயவைத்துத் தாருங்கள். ஆமைகள் அதைக் கொறித்தே சுண்ணாம்பு பெறும். சோத்தோங் எனும் ஊசிக்கணவாயில் அந்த ஓடு இருக்காது, கணவாயில்தான் இருக்கும். மருந்தடிக்காத செம்பருத்தி, முருங்கைக் குச்சிகளும் வேண்டும். ரொட்டி, வாழைப்பழம், பிஸ்கட், மீந்த சோறு தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். அன்போடு கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனம் கஷ்டப்படுகிறது.

இலை நறுக்குவது சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தோட்டத்துக் கொட்டகையில். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கத்தி நாங்கள் தருகிறோம்.

அன்புடன்,
செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவரின் சார்பில்