அக்காவுக்கு: கதவு இனி ஐந்தரைக்குத் திறக்கும்

அன்புள்ள அக்கா,

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நீலக் கோடு இரண்டும் விழுந்திருக்கும், பதில் வந்திருக்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. உங்கள் பக்கத்து ஆட்களும் நான் எழுதுவதைப் படிக்கிறார்கள் என்று கேள்வி. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை முதல், ஓடவும் நடக்கவும் போகிற பிள்ளைகளுக்காகப் பெண்கள் விடுதிக் கதவு காலை ஐந்தரைக்குத் திறக்கும். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் துணை வார்டனாகிய நானே பொறுப்பு என்று அந்தத் தாளில் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. எழுதிக்கொள்ளட்டும். நாம் விடுதியில் தங்கிப் படித்தபோது, காவலர் தேர்வுக்கு ஓடிப் பழக, உங்கள் ஒருவருக்காக அந்தப் பூட்டைத் திறக்க வைக்க நீங்கள் பட்ட பாட்டை உங்களிடமே சொல்ல வேண்டியதில்லை. தனியாக ஒரு பெண்ணை அனுப்ப முடியாது என்றார்கள். துணைக்கு என்னை எழுப்பினீர்கள். அவ்வளவுதான் நான் ஓடத் தொடங்கிய கதை.

கதவைத் திறக்கும் முன் பிள்ளைகளை உட்காரவைத்து, எதற்காக வரப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்திக்குத் தையில் கல்யாணம், அதற்குள் எடை குறைய வேண்டும். ஒருத்திக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்குக் காவலர் தேர்வு. ஒருத்தி கைபேசியில் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும் கணக்கைத் தோழிகளோடு போட்டி போட்டு ஏற்றுகிறாள். கடைசி வரிசையில் ஒருத்தி, "வெளியே போகலாம் மேடம், அதற்குத்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பதில்தான் பிடித்தது. அதை அங்கே சொல்லவில்லை, வார்டன் பக்கத்திலேயே இருந்தார்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்திலாவது உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட இல்லை. அதையும் எட்டாதவர்கள் 2022-ல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறையப் பாதி. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 என்று அதே நிறுவனம் சொல்கிறது. இந்த இடைவெளியைப் பெண்களின் சோம்பேறித்தனம் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் விளக்கினார். ஆண்கள் விடுதிக்கு எந்த நேரத்திலும் கதவு இல்லை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. வெயிலில் கறுத்துவிடுவாய், மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எந்தத் தாயும் மகனிடம் சொல்வதில்லை என்பதும் வரவில்லை.

வருகிறவர்களுக்குப் பகுதி ஐந்தில் வருகைப் பதிவு கொடுத்துவிடலாம், கூட்டம் தானாகச் சேரும் என்று யோசனை வந்தது. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் எல்லோரும் கணக்குக் காட்டியாக வேண்டுமே. நான் வேண்டாம் என்றேன். எட்வர்டு டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-ல் கல்லூரி மாணவர்களிடம் கட்டைகளைப் பொருத்தும் புதிர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு பிரிவுக்கு நடுவில் மட்டும் காசு கொடுத்தார். காசு நின்றதும், ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடும் ஆசை அவர்களிடம் குறைந்துவிட்டது. காசே பார்க்காத பிரிவில் அந்தச் சரிவு இல்லை. பின்னாளில் அவரும் ரிச்சர்டு ரயனும் சேர்ந்து சொன்னது இது: ஒரு வேலை மனிதரிடம் நிலைக்க மூன்று வேண்டும். அதை அவரே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், தன்னால் முடிகிறது என்று தெரிய வேண்டும், ஒட்டுறவோடு பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது மூன்றாவதற்கு என் மனத்தில் வந்தது உங்கள் முகம்தான், அக்கா. கீழக்குயில்குடிச் சாலையில் இருட்டோடு ஓடும்போது உங்கள் மூச்சுச் சத்தத்தை வைத்தே நான் தூரம் கணக்கிடுவேன். சமணர் மலை அடிவாரத்து ஐயனார் கோயில் வந்ததும், ஆலமரத்தடியில் நின்று பாட்டிலில் பாதித் தண்ணீரை எனக்கு வைத்துவிட்டுக் குடிப்பீர்கள்.

இரண்டாவதை, தன்னால் முடிகிறது என்பதைப் பற்றிப் பேசினால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் வந்துவிடும். வரட்டும்.

அந்த ஞாயிறு காவலர் தேர்வுக்குப் படிக்கும் பையன்களால் மைதானம் நிறைந்திருந்தது. அவர்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். நமக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. நமக்கு என்று எழுதுகிறேன், ஆனால் தேர்வு உங்களுக்குத்தான். 159 சென்டிமீட்டர் உயரம் வேண்டிய இடத்தில் நான் நின்றுகூடப் பார்க்க முடியாது. துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் ஊக்குக் குத்தியிருந்தீர்கள். இடது ஷூவின் அடிப்பாகத்தைச் சைக்கிள் பஞ்சர் பசை போட்டு ஒட்டியிருந்தீர்கள். ஈரம் காயாமல் அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. படியில் உட்கார்ந்திருந்தவன் "ஏட்டம்மா, பார்த்து ஓடுங்கள்" என்றான். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி வளைவில் கையை வீசு, கால் தானாக வரும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். வீசினேன். கால் வந்தது. கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் நீங்கள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தீர்கள்.

உங்களுக்கு 1 நிமிடம் 58 விநாடி. வேண்டியதைவிட அரை நிமிடம் மிச்சம். அதற்குத் துள்ளிக் குதித்திருக்கலாம். நீங்களோ என் கணக்கைத்தான் கேட்டீர்கள். உங்களைவிட ஏழு விநாடி குறைவு. பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. காளவாசலில் வண்டி நின்றபோது, ஜன்னலைப் பார்த்தபடியே, "உனக்கென்ன, நீ சும்மாதானே ஓடுகிறாய்" என்றீர்கள்.

அன்று மனம் நோகச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுதிப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை. நான் வேகத்தைக் குறைத்திருந்தால் அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அப்போதும் நீங்கள் பேசியிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு ஓடினால் சீருடை இருந்தது, சம்பளம் இருந்தது, அம்மாவின் கடன் தீரும் என்ற நம்பிக்கை இருந்தது. எனக்கு இருந்தது அந்த ஏழு விநாடி மட்டும்தான். அதையும் உங்களிடம் கொடுத்திருக்க வேண்டுமா?

அலமாரிக் கதவின் உள்பக்கம் ரேவதி வீரமணியின் படத்தை ஒட்டியிருந்தீர்கள். சக்கிமங்கலத்துப் பெண், வெறுங்காலோடு ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடர் ஓட்டம் வரை போனவர். ஓட்டத்தால் வாழ்க்கை மாறும் என்பதற்கு உங்களிடம் சாட்சி இருந்தது. இறுதிப் பட்டியலில் உங்கள் எண் இல்லாத அன்று நீங்கள் அந்தப் படத்தைக் கிழிக்கவில்லை. அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டீர்கள். அடுத்த நாள் ஐந்தரைக்கு நான் வந்து தட்டினேன். "இனி எதற்கு?" என்றீர்கள். அந்த அறையில் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது, நீங்கள் அதைக் கேட்கவில்லை: அனுமதி உங்கள் பெயரில், நீங்கள் வராவிட்டால் எனக்கு யார் கதவைத் திறப்பார்கள்? படிப்பு முடியும் வரை விடுதிக்குள் துணி காயப்போடும் மாடியில்தான் ஓடினேன். கொடிக் கயிறு கழுத்தில் படாமல் குனிந்து குனிந்து.

அதன் பிறகு நடந்தவை, கல்யாணம், ஊர் மாற்றம், அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். நல்ல குடும்பம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். மாலையில் மொட்டை மாடியில் நடப்பதாக உங்கள் தங்கை சொன்னாள். நடப்பது நல்லது. அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்களிடம் இருந்த காரணம் என்னுடையதைவிடப் பெரியது என்று நெடுநாள் நம்பியிருந்தேன், அக்கா. பெரியதுதான். அது தீர்ந்ததும் ஓட்டமும் தீர்ந்துவிட்டது. அதனால்தான் கல்யாணத்துக்காக வருகிறவளையும் கைபேசிக்காக வருகிறவளையும் நான் திருத்தப் போவதில்லை. எதற்காகவோ வரட்டும். தையில் கல்யாணம் முடிந்த பிறகு அவளுக்குக் கதவு திறந்திருக்கிறதா, பக்கத்தில் ஓட ஒருத்தி இருக்கிறாளா என்பதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வேலை இருக்கிறது. காவலர் தேர்வுக்கு வரும் இரண்டு பேரில் ஒருத்தி உசிலம்பட்டிப் பக்கம். ஓட்டம் சரியாக இருக்கிறது, நீளம் தாண்டுவதில் பலகையைத் தாண்டிக் கால் வைக்காமல் குதிக்கத் தெரியவில்லை, தாண்டும் தூரத்துக்குத் தேர்வில் தரும் ஸ்டாரில் ஒன்றுகூடத் தேறாது. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. நீங்கள் இரண்டு ஸ்டார் வாங்கியவர். உங்கள் எண்ணைக் கொடுக்கட்டுமா என்று கேட்டு எழுத நினைத்தேன்; கொடுத்துவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் சமையல் வேலை முடிந்திருக்கும் என்று. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, சரி. அவள் கூப்பிட்டால் எடுங்கள்.