‘மட்டிகளுக்குத் தீங்கற்றது’ என்று விற்கப்படும் பாசிக்கொல்லி குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் பாசிக்கொல்லியை வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பாசிக்கொல்லியால் ராட்சத மட்டி வெளிறியது, மருந்தின் உட்பொருள் விவரத்தை உடனே தெரிவிக்கவும், விளம்பர வாசகத்தை நீக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்கள் புட்டியின் மேலொட்டில் மூன்று வாசகங்கள் இருக்கின்றன. மருந்து பாசியின் ஒளிச்சேர்க்கையை நிறுத்தி அதை அழிக்கும் என்பது முதலாவது. நீர்ச்செடிகள் வளரும் தொட்டியில் பயன்படுத்தக் கூடாது என்பது இரண்டாவது. ‘மீன், இறால், மட்டிகளுக்கு முற்றிலும் தீங்கற்றது’ என்பது மூன்றாவது. அதன் பக்கத்திலேயே நீலச் சதைப் போர்வை விரித்த ஒரு ராட்சத மட்டியின் படம். என் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் படர்ந்த பாசியை நீக்க, நீங்கள் குறித்த அளவிலேயே மருந்தைக் கலந்தேன். கண்ணாடி சுத்தமாகிவிட்டது. தொட்டியில் இருந்த டிரைடாக்னா மாக்சிமா என்ற இன ராட்சத மட்டி வெளிறிக்கொண்டிருக்கிறது.

என் முதல் புகாருக்கு உங்களிடமிருந்து வந்த பதில் இது: “மட்டி ஒரு விலங்கு. எங்கள் மருந்து பாசியை மட்டுமே தாக்கும். எனவே காரணம் வேறு.” முதல் இரண்டு வாக்கியங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவது எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன். இந்த விலங்கின் உடலுக்குள்ளேயே பாசி வாழ்கிறது. அந்தப் பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்காரரை நாங்கள் தொடவே இல்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது உங்கள் பதில்.

ஜூசாந்தெல்லே எனப்படும் இந்த நுண்பாசிகள் பவளங்களில் செல்களுக்கு உள்ளேயே குடியிருப்பவை. ராட்சத மட்டியில் ஏற்பாடு வேறு. இரைப்பையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, பலவாகக் கிளைத்து, வெயிலை நோக்கி விரியும் மேன்டில் என்ற சதைப் போர்வை முழுவதும் பரவுகிறது. பாசிகள் இருப்பது அந்தக் குழாய்களுக்குள், செல்களுக்கு வெளியே. அவை இரத்தம் ஓடும் இடைவெளிகளில் இருப்பதாகத்தான் முன்பு நினைத்தார்கள். குழாய் அமைப்பைத் தெளிவாக விவரித்த ஆய்வு 1992-ல்தான் வந்தது. பாசிக்குத் தேவையான கரியமில வாயுவை மட்டியே தன் இரத்தம் வழியாகச் சேர்க்கிறது. இதற்குக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியும், குழாய்ச் சுவரில் அமிலத்தன்மையைக் கூட்டும் புரோட்டான் பம்புகளும் உதவுகின்றன. பாசி தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு மட்டிக்கே வந்துசேர்கிறது. இத்தனை ஏற்பாட்டோடு ஒளிச்சேர்க்கையை நம்பி வாழும் உயிரின் படத்தை, ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் மருந்தின் புட்டியில் அச்சிட்டவர் யார் என்று அறிய எனக்கு உண்மையிலேயே ஆவல்.

நான் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்த உங்கள் ஊழியர், “நீல நிறம் அப்படியே இருக்கிறதே, மட்டி நலமாகத்தான் இருக்கிறது” என்று எழுதினார். நீலம் பாசியின் நிறமே அல்ல. அது மட்டியின் சொந்தச் செல்களான இரிடோசைட்டுகள் ஒளியைச் சிதறடிப்பதால் தெரிவது. அந்தச் செல்கள் அழகுக்காகவும் இல்லை. 2014-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, பாசிகள் போர்வைக்குள் செங்குத்தான தூண்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே இருக்கும் இரிடோசைட்டுகள், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் நீலத்தையும் சிவப்பையும் திசைதிருப்பி அந்தத் தூண்களின் பக்கவாட்டில் பாய்ச்சுகின்றன. மேலடுக்கு கருகாமல், அடியில் இருக்கும் பாசிக்கும் வெளிச்சம் போகிறது. பாசியின் நிறம் பழுப்பு. என் மட்டியில் போர்வையின் நடுப்பகுதியில் அந்தப் பழுப்புதான் காணாமல் போயிருக்கிறது. நீலத்தைப் பார்த்து நலம் என்று முடிவுகட்டியவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

நிறத்தை விடுங்கள். மருந்திடும் முன்பு தொட்டி நீரில் அமோனியா தென்பட்டதில்லை. பாசியோடு நலமாக இருக்கும் மட்டி தன் நைட்ரஜன் கழிவைப் பாசிக்கே உரமாகக் கொடுத்துவிடும். சுற்றியுள்ள நீரிலிருந்தும் அம்மோனியத்தை உறிஞ்சிக்கொள்ளும். இப்போது சோதனையில் அமோனியா ஏறிக்கொண்டே போகிறது. ஓட்டின் விளிம்பில் புதிதாக வரும் வெள்ளை வளர்ச்சிக் கோடும் நின்றுவிட்டது. வெளிச்சத்தில் சுண்ணாம்பு வேகமாகப் படிவதும் பாசியின் வேலையைச் சார்ந்ததே. இவை எல்லாம் ஒருசேர நின்றுபோனதற்கு ‘வேறு காரணம்’ இருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள்.

பிறகு, உங்கள் நிறுவனத்தின் தாவர மிதவைத் தூளை (நீரில் மிதக்கும் நுண்பாசிகளின் தூள்) வாங்கி ஊட்டுமாறு அறிவுறுத்தினீர்கள். ராட்சத மட்டி நீரை வடிகட்டி உண்ணும் என்பது உண்மைதான். ராட்சத மட்டி இனங்களிலேயே மிகப் பெரிதான டிரைடாக்னா கைகஸில் 1992-ல் நடந்த அளவீட்டின்படி, சிறு மட்டிகளுக்குத் தேவையான கார்பனில் ஏறத்தாழ 65 சதவீதம் வடிகட்டிய உணவிலிருந்து வருகிறது. பெரிய மட்டிகளில் அது 34 சதவீதமாகக் குறைகிறது. உள்ளங்கை அளவு வளர்ந்த என் மட்டியைத் தூளை மட்டும் போட்டுக் காப்பாற்றலாம் என்பது வைத்தியம் அல்ல, இன்னொரு விற்பனை. ஏற்கெனவே அமோனியா ஏறும் நீரில் தூளைக் கொட்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும்.

“பாசி தானாக மீண்டும் வந்துவிடும்” என்ற ஆறுதலும் சொன்னீர்கள். மட்டியின் முட்டையில் பாசி கிடையாது. ஒவ்வொரு தலைமுறையும் இளம் பருவத்தில் கடல்நீரிலிருந்து அதை விழுங்கித்தான் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்த மட்டி வெளிறினால், குழாய்களில் எஞ்சிய பாசி பெருகி மீளக்கூடும்; ஆனால் மருந்து நீரில் இருக்கும்வரை அந்த எஞ்சியதும் வேலை செய்யாது. அதனால்தான் மருந்தின் உட்பொருளைக் கேட்டேன். “வணிக இரகசியம்” என்றீர்கள். ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் டையூரான் போன்ற களைக்கொல்லிகள் பவளங்களுக்குள் வாழும் இதே வகைப் பாசிகளைப் பாதிப்பது பல ஆய்வுகளில் பதிவான செய்தி. உங்கள் மருந்து அந்த வகையா, வேறா என்பது தெரியாமல் நான் செய்யும் ஒவ்வொரு நீர் மாற்றமும் குருட்டு வைத்தியம்.

ஆகவே முதலில், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, உட்பொருளின் பெயர், அது நீரில் எத்தனை நாள் நிலைக்கும், கிளர்வூட்டிய கரியால் அதை அகற்ற முடியுமா என்ற விவரங்களை எனக்கு எழுதுங்கள். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அதன் பிறகு பேசலாம். மேலொட்டில் உள்ள மட்டிப் படத்தையும் ‘மட்டிகளுக்கு’ என்ற சொல்லையும் நீக்குங்கள். செடித் தொட்டிகளுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் எச்சரிக்கையை ராட்சத மட்டி, பவளம், கடல் சாமந்தி உள்ள தொட்டிகளுக்கும் நீட்டுங்கள். அந்த எச்சரிக்கையை எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதுவது கடினமாக இராது. கடைகளில் இருக்கும் புட்டிகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

மருந்திடும் முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள், அமோனியா அளவீடுகள், வாங்கிய ரசீது, மேலொட்டின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். உரிய பதில் வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்