ஸ்டேஜ் 2 பக்கேஜும் திரும்பி வராத என் சாமான்களும்: ஒரு முறைப்பாடு

திருகோணமலை.

பொருள்: மிட்சுபிஷி லான்சர் எவோ 10 காருக்கு வலு கூட்டவென்று நீங்கள் பூட்டிய ஸ்டேஜ் 2 பக்கேஜ் (காற்றை இழுக்கும் பெரிய இன்ரேக், சைலன்சர்), 4 ரயர்கள், இன்னும் உங்களிடம் கிடக்கும் எனது பழைய பாகங்கள் பற்றியது.

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

உங்களுக்கு நான் எழுதுவது இது முதல் தடவை இல்லை. வட்ஸ்அப்பில் 14 செய்தி, மின்னஞ்சல் 3. தொலைபேசி அழைப்புகளை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல் வந்து, "சேர், என்ன பிரச்சினை?" என்று அடியில் இருந்து கேட்கும். நானும் அடியில் இருந்து சொல்வேன். சொல்லிச் சொல்லி இப்போது என் மனைவிக்கே பாடம். போன கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஆள் எடுத்த அழைப்புக்கு அவவே முழுக் கதையையும் சொல்லி, "நாளைக்கு எடுப்பம்" என்ற பதிலையும் வாங்கி வைத்திருந்தா. அந்த நாளை இன்னும் விடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மே மாதம் கொழும்பில் உங்கள் கராஜுக்கு வந்தது ஒரேயொரு கேள்வியோடு. இந்தக் காருக்கு எதைச் செய்தால் காசு வீண் போகாது? மாதம் இரண்டு முறை திருகோணமலைக்கும் கொழும்புக்கும் ஓடும் கார் இது, ஒரு பக்கம் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர் என்று சொன்னேன். எங்கள் பக்கத்து ஷெட்டில் கிடைப்பது 95 ஒக்டேன் பெற்றோல், அதுவும் சில நாள் முடிந்துவிடும், அப்போது 92தான் என்றும் சொன்னேன். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மத்தியானக் காற்று அடுப்பு வாய் மாதிரி வரும் என்றேன். நான் மனதில் வைத்திருந்த வரிசையும் சாதாரணமானது: முதலில் நல்ல ரயர், பிறகு பிரேக் எண்ணெயும் பேடும், அதற்குப் பிறகு டர்போவில் இருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் பெரிய இன்ரர்கூலர், எல்லாம் முடிந்த பின் எங்கள் பெற்றோலுக்கு ஏற்ற ரியூனிங்.

அதற்கு உங்கள் 'தொழில்நுட்ப ஆலோசகர்' தம்பி சிரித்தார். "இதெல்லாம் வயசானவை செய்யிற வேலை அண்ணன். நாங்கள் பவர் ஏத்துவம்" என்றார். எனக்கு 46 வயது.

சேர், இது 2 லீற்றர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. ஜப்பானில் முதலில் வந்தபோதே 280 குதிரைவலு, பிறகு 300. அது போதாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இருக்கிற வலுவை வெயிலிலும் மழையிலும் நம்பிப் பாவிக்க வேண்டும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனாலும் நம்பினேன். உங்கள் கண்ணாடிக் கதவும் சுவரில் தொங்கிய படங்களும் செய்த வேலை அது. 685,000 ரூபா கட்டினேன். ரயருக்கு 248,000 வேறு.

உங்கள் சாமானை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் உங்கள் ஆட்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால் விளக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. இந்தக் காரில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சர், இன்ரேக் குழாயிலேயே இருக்கிறது. குழாயின் விட்டம் மாறினால் அதன் கணக்குப் பிழைக்கும். உள்ளே போவது ஒரு அளவு, கம்பியூட்டர் நினைப்பது இன்னொரு அளவு. அந்தக் கணக்கை மேப்பில், அதாவது கம்பியூட்டருக்குள் இருக்கும் எஞ்சின் அளவுப் பட்டியலில், திருத்தாமல் பெரிய இன்ரேக்கைப் பூட்டக்கூடாது. உங்கள் தம்பி என்ன சொன்னார்? "பூட்டிட்டு ஓடலாம், ஒண்டும் செய்யத் தேவையில்லை." பூட்டிக்கொண்டு ஓடினேன். மூன்றாம் நாள் எஞ்சின் லைட் எரிந்தது. பிறகு வந்து ஒரு மேப் ஏற்றினீர்கள். அந்த மேப் 98 ஒக்டேன் என்ற இன்னும் உயர்ந்த ரகப் பெற்றோலுக்கு எழுதியது! நான் ஊகித்துச் சொல்லவில்லை, ஃபைலின் பெயரிலேயே 98 என்று இருக்கிறது.

98க்கு எழுதிய மேப்பில் 95 ஊற்றினால் நடப்பது தெரிந்ததுதானே. சிலிண்டருக்குள் பெற்றோல் சுவாலை போய்ச் சேர முந்தித் தானாக வெடிக்கிறது, அதுதான் நொக், நொக் சென்சர் அதைக் கேட்கிறது, எஞ்சினைக் காப்பாற்றக் கம்பியூட்டர் பொறி போடும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது, வலு விழுகிறது. என் மருமகன் லப்டொப்பைக் கொழுவி, பன்குளம் தாண்டி ஆளில்லாத நேர்றோட்டில் மூன்றாம் கியரில் பதிவு எடுத்தான். நொக் எவ்வளவு என்று காட்டும் எண் பழைய மேப்பில் 2ஐத் தாண்டாது, உங்கள் மேப்பில் 11. கந்தளாய் ஏற்றத்தில் ஒரு லொறியை முந்த மிதித்தால் கார் ஒரு கணம் யோசிக்கிறது. ஏழு லட்சம் ரூபா கொடுத்து எனது காரை மெதுவாக்கி வாங்கி வந்திருக்கிறேன். சத்தம் மட்டும் கூடியிருக்கிறது. நான் வருவது உப்புவெளிச் சந்தியிலேயே அம்மாவுக்குத் தெரிகிறது.

இனி அந்தப் பயணம். இதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

மேப்பைத் திருத்த உங்கள் அலுவலகமே நாள் குறித்துத் தந்தது. காலை 8 மணி, பிந்தினால் நாள் போய்விடும் என்று இரண்டு தடவை எச்சரிக்கையும் வந்தது. இரவு 1 மணிக்கு வெளிக்கிட்டேன். ஹபரணைக்கு இங்கால றோட்டோரம் யானை நின்றதால் லைட்டைக் குறைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். எஞ்சினையும் நிறுத்த வேண்டி வந்தது, உங்கள் சைலன்சர் போடும் சத்தம் யானைக்கும் பிடிக்கவில்லை. 7.40க்கு உங்கள் கேற்றுக்கு வந்தால் பூட்டு. எசல போயா! மாதா மாதம் பௌர்ணமிக்கு வரும் போயா, கலண்டரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லீவு நாள், அதைப் பார்க்காமல் எனக்கு நாள் குறித்திருக்கிறீர்கள். காவலுக்கு நின்ற ஐயா தன் போத்தலில் இருந்து ஒரு பிளேன்ரீ ஊற்றித் தந்தார். உங்கள் கொம்பனியில் என்னை மனிதனாக நடத்திய ஒரே ஆள் அவர். தயவுசெய்து அவரைப் பற்றி நல்லபடியாக எழுதிவையுங்கள், இதை மனதாரச் சொல்கிறேன்.

கேற்றில் நின்றபடியே அந்த ஆலோசகர் தம்பிக்கு அழைத்தேன். ஐந்தாவது தடவைதான் எடுத்தார். மன்னிப்பு இல்லை, ஒரு 'ஐயோ' கூட இல்லை. "அண்ணன், ட்ரிங்கோவில எவோ வச்சு என்ன செய்யப் போறீங்கள், மீன் ஏத்தவா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

ஓம், நான் மீன் வியாபாரம்தான். ஐஸ் பெட்டி தூக்கித் தொடங்கிய ஆள். அந்த மீன் காசில்தான் உங்கள் பில்லைக் கட்டினேன், அப்போது உங்கள் கவுண்டரில் யாருக்கும் அது மணக்கவில்லை. இந்தக் கார் எனக்குப் பதினைந்து வருடக் கனவு. அந்தத் தம்பி அதை ஒரு வசனத்தில் நாசமாக்கிவிட்டார். அன்று திரும்பி வந்த 260 கிலோமீற்றரும் நான் ரேடியோகூடப் போடவில்லை. என் ஆயுளில் ஐந்து வருடம் அங்கே குறைந்திருக்கும்.

இதே தம்பிதான் பிரேக் எண்ணெய்க்கு டொட் 5 போடச் சொன்னவர். "4ஐ விட 5 பெரிசுதானே அண்ணன்." டொட் 5 என்பது சிலிக்கோன் எண்ணெய், மற்றவற்றோடு கலக்கவே கூடாது, ஏபிஎஸ் உள்ள காருக்கு உகந்ததும் இல்லை. 5.1 வேறு, 5 வேறு. எங்கள் அனுராதபுரச் சந்தி கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பொடியனுக்கு இது தெரியும். நல்லவேளை, அந்த ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. கடற்கரை ஊரில் எண்ணெய் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் நல்ல டொட் 4 வாங்கி இங்கேயே மாற்றினேன். முழுக் காரிலும் உருப்படியாக நடந்த வேலை அதுதான், செலவும் அதற்குத்தான் குறைவு.

ரயரைச் சொல்ல மறந்துவிட்டேன். 'புதுச் சரக்கு' என்று பூட்டிய 245/40, 18 அங்குல ரயர்கள் நான்கு. போன மாதம் காரைக் கழுவும்போது ஓரத்தில் இருக்கும் கடைசி நான்கு இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டில் 3118. அதாவது 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். மற்ற இரண்டில் அந்த எண் உள்பக்கம் திரும்பி இருக்கிறது. காருக்கு அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன், அவையும் அதே வருடம். றப்பர் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. எல்லாவற்றுக்கும் முதலில் நல்ல ரயர் என்று கேட்ட ஆளுக்கு நீங்கள் விற்றது இது. மாரி மழையில் இதை நம்பி என் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது?

கடைசியாக, எனது சொந்தச் சாமான்கள். கழற்றிய பழைய இன்ரேக் பெட்டியும் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டரும் உங்களிடம்தான் இருக்கின்றன. முதலில் "ஸ்டோரில் இருக்கு" என்றீர்கள், பிறகு "நீங்கள் கொண்டுபோய்ட்டீங்கள்" என்றீர்கள். கன்வேட்டருக்குள் இருக்கும் உலோகத்துக்கு என்ன விலை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது இல்லாமல் இம்முறை புகைப் பரிசோதனையில் கார் ஃபெயில். புகைச் சான்றிதழ் இல்லாமல், காரை றோட்டில் ஓட்டத் தேவையான வருமான உத்தரவுப்பத்திரம் எடுக்க முடியாது. கார் இப்போது வீட்டு முற்றத்தில் தறப்பாளுக்குக் கீழே நிற்கிறது. உப்புக் காற்று அதைத் தின்னுகிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை, சேர். இன்ரேக் பெட்டியையும் கன்வேட்டரையும் திருப்பித் தாருங்கள். பழைய மேப்பை ஏற்றித் தாருங்கள், அதற்கு ஆளை இங்கே அனுப்புங்கள், நான் இனிக் கொழும்புக்கு வரமாட்டேன். வருபவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில், நல்ல பாரைமீன் குழம்பு வைப்போம். ரயர் காசு முழுவதும், பக்கேஜ் காசில் நியாயமான பங்கும் திருப்பித் தாருங்கள். அந்தத் தம்பி தொலைபேசியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் பேரம் இல்லை.

14 நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு பதிவேன். ரயர் எண்களின் படம், நொக் பதிவு, பில், போயா அன்று பூட்டிய கேற்றின் முன் காரோடு எடுத்த படம் எல்லாம் என் ஃபைலில் இருக்கின்றன. சட்டத்தரணி எனக்கு மச்சான் முறை, காசு வாங்க மாட்டார். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பம் இல்லை. உங்கள் கராஜில் வேலை தெரிந்த பொடியன்களும் இருக்கிறார்கள், கண்ணால் பார்த்தேன். அவர்களில் ஒருவரை முன்னால் இருத்தியிருந்தால் இந்தக் கடிதமே வந்திராது.

இப்படிக்கு,
மீன் ஏற்றாத எவோவின் சொந்தக்காரன்,
உப்புவெளி.

பி.கு.: ஆள் அனுப்பும் நாளை முடிவு செய்யும்போது தயவுசெய்து கலண்டரைப் பார்க்கவும்.