பாடசாலைச் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்பப் பாடசாலைகளைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வருகிற செய்திகள் அனேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. பிரதம விருந்தினர் யார், மங்கள விளக்கேற்றியவர்கள் யார், நன்றியுரை சொன்னவர் யார் என்று வரிசை குலையாமல் வரும். அன்றைக்கு நிகழ்வு இருந்ததே தெரியாமல் வராமல் விட்ட பெற்றாரைப் பற்றி ஒரு வரியும் இராது. கத்தோலிக்கப் பெயர் தாங்கிய சிறிய பாடசாலைகளில் இந்தக் குறை கூடுதலாகத் தெரியும். அங்கே தவணை ஒரு நாட்காட்டியில் ஓடும், பங்கு, அதாவது ஊர்க் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்க சமூகம், இன்னொன்றில் ஓடும், கரையோர ஊராக இருந்தால் கடற்தொழில் மூன்றாவதில் ஓடும்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு இந்தப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்துவிட்டன. பெயரும், பாடசாலையின் பாதுகாவலரான புனிதரின் திருநாளும் மட்டும் பழையபடி நிற்கின்றன. முன்பெல்லாம் ஞாயிறு பூசை முடிவில் சுவாமியார் அறிவித்தல் வாசித்தால் ஊர் முழுக்கச் செய்தி போய்விடும். சைவப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற இன்றைய வகுப்பில் அந்த வழி எல்லா வீட்டையும் எட்டாது.

அதற்குப் பதிலாக வந்த வட்ஸ்அப், வைபர் குழுக்களும் முழு மருந்தல்ல. ஒரு வீட்டில் ஒரு கைத்தொலைபேசிதான் இருக்கும், அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போயிருக்கும். பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிவருகிற அம்மம்மா குழுவில் இல்லை. அதிபர் இடுகிற ஒரு அறிவித்தலுக்குக் கீழே ‘நன்றி ரீச்சர்’ அறுபது வந்தால், மாலையில் திறந்து பார்க்கிற தாய்க்கு அந்த அறிவித்தல் அகப்படாது. குழுவில் அதிபரும் வகுப்பாசிரியரும் மட்டும் எழுதக்கூடியதாக அமைத்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். ஏனோ பலர் அதைச் செய்வதில்லை.

எமது யோசனை மாதம் ஒரு தாள். ஏ4 தாளை இரு பக்கமும் அச்சடித்து நடுவே மடித்தால் நாலு பக்கம். 180 பிள்ளைகள் உள்ள பாடசாலையில் சகோதரர்களைக் கழித்தால் ஏறக்குறைய 130 குடும்பங்கள் வரும் என்று வைப்போம். கோவில், முன்பள்ளி, சந்திக்கடை, பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றுக்கு 20 சேர்த்து 150. வருடத்தில் பத்து மாதம் என்றால் 1,500 தாள். 500 தாள் கொண்ட கட்டு மூன்றோடு வருடம் ஓடிவிடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தாங்கமுடியாத செலவல்ல. குடும்பத்துக்கு ஒன்று வீதம், அங்கே படிப்பவர்களில் மூத்த பிள்ளையிடம் கொடுக்கவேண்டும். முதலாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் தாள் புத்தகப்பையின் அடியில் கிடந்து தண்ணீர்ப் போத்தலில் ஊறிப் போகும்.

அச்சடிக்கையில் வழக்கமாகப் பிழைக்கிற இடங்கள் சில உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அப்படியே கடைக்குக் கொண்டுபோனால், அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். பீடிஎப் ஆக்கிக் கொண்டுபோவதே பாதுகாப்பு. இந்த எண்ணிக்கைக்குப் போட்டோக்கொப்பியை விட, மை உருளையால் படியெடுக்கும் றிசோ இயந்திரம் மலிவு. ஆனால் அதன் மை உடனே காயாது. முதற் பக்கம் அடித்த கையோடு மறுபக்கம் அடித்தால் உருளையின் கறை விழும், சுடச்சுட மடித்தால் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டும். ஒரு பக்கத்தை முதல் நாள் அடித்து, மற்றதை மறுநாள் அடித்து, அதற்கடுத்த நாள் காலையில் மடிப்பது நல்லது. எழுத்து 13 புள்ளிக்குக் குறையக்கூடாது. வாசிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அம்மம்மா, தாத்தாமார்.

முதற் பக்கத்தில் வருகிற மாதம் மட்டும் இருக்கவேண்டும். ஒவ்வொரு வரியிலும் திகதி, கிழமை, தொடங்கும் நேரம், பிள்ளை வீடு திரும்பும் நேரம், கொண்டுவரவேண்டியது என்ன, காசு உண்டென்றால் எவ்வளவு, எதற்கு. ‘மேலதிக விபரம் பின்னர் அறிவிக்கப்படும்’ என்ற வசனத்துக்கு அதில் இடமே இல்லை. எல்லாரும் கூடித் துப்புரவாக்கும் சிரமதானத்தை எடுங்கள். ‘பெற்றார் அனைவரும் சமுகமளிக்கவும்’ என்று மட்டும் போட்டால் எல்லாரும் விளக்குமாற்றோடு வருவார்கள், மண்வெட்டி ஒன்றும் இராது. ஒன்றாம் இரண்டாம் வகுப்பார் விளக்குமாறு, மூன்றாம் வகுப்பார் மண்வெட்டி, நாலாம் வகுப்பார் கத்தி, ஐந்தாம் வகுப்பார் உரப்பையும் கடகமும் என்று பிரித்து எழுதினால் வேலை நடக்கும். மாரிக்கு முன் நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக்குகிற ஒக்டோபர் சிரமதானத்துக்கு இது மிக அவசியம்.

நாட்காட்டியில் பக்கத்து ஊர்த் திருநாட்களும் இருக்கவேண்டும். யூன் 13 பாசையூர் அந்தோனியாருக்கும் யூலை 25 குருநகர் யாகப்பருக்கும் பிள்ளைகள் அம்மம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் பரீட்சை வைத்துவிட்டு வரவு குறைவென்று குறைபட்டு என்ன பயன்? நல்லூர்த் திருவிழாவின் தேர், தீர்த்த நாட்களுக்கும் இதே கணக்குத்தான். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பெப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் வருவதால், முதலாம் தவணையில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டி பல வருடங்களில் தவக்காலத்துள் விழும். அது வெள்ளிக்கிழமையாக இருந்தால் சிற்றுண்டி மரக்கறி ரோல்ஸாக இருக்கட்டும். கத்தோலிக்கர் அன்றைக்கு இறைச்சி தொடார், சைவப் பிள்ளைகளின் வீடுகளில் வெள்ளியென்றால் மீனும் இல்லை. பெற்றார் கூட்டத்துக்குக் கரையோரங்களில் ஞாயிறு முதற்பூசைக்குப் பிந்திய நேரமே தோது. தொழிலுக்குப் போகாத நாள் அதுதான்.

பிள்ளை முதன்முதல் நற்கருணை பெறும் முதல் நன்மை பற்றிய அறிவித்தலை மூன்று மாதம் முன்னதாகப் போடவேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழைப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற பங்கிலிருந்தே எடுக்கவேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அது வன்னியிலோ இந்தியாவிலோ இருக்கலாம், கடிதம் போய்வர நாளாகும். ஆயத்த வகுப்பின் நேரத்தையும் சேர்த்துப் போட்டால், ஞாயிறு ரியூசனோடு வருகிற இழுபறியைப் பெற்றார் முன்கூட்டியே தீர்த்துக்கொள்வர். பாதுகாவலர் திருநாளுக்கு, திருப்பலி எத்தனை மணிக்கு, சைவப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வந்தால் போதும் என்பதை ஒளிவுமறைவின்றி எழுதவேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே சில தாய்மார் பிள்ளையை அன்று மறித்துவிடுகிறார்கள்.

நடந்து முடிந்தவற்றுக்குக் கடைசிப் பக்கம் போதும், விருந்தினருக்கு இரண்டு வரி போதும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களின் பட்டியலைத் தாளில் போடவேண்டாம் என்பதே எமது கருத்து. அதே தாளை மற்றப் பிள்ளைகளும்தான் வீட்டுக்குக் காவிச் செல்கிறார்கள். பிள்ளையின் படத்தோடு முழுப்பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுவதும் கூடாது.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு அச்சு புதிதல்ல, 1876இலேயே ‘சத்திய வேத பாதுகாவலன்’ இங்கிருந்து வந்தது. ஆகவே தாளைப் பாடசாலைகள் பார்த்துக்கொள்ளும். தங்களிடம் கேட்பது ஒன்று: வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பத்தி ஒதுக்கி, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களினதும் ஆரம்பப் பாடசாலைகளில் அடுத்த வாரம் நடக்க இருப்பவற்றை, பாடசாலைக்கு இரண்டு வரி வீதம் வெளியிடுங்கள். புதன் மாலைக்குள் வந்தவை மட்டும், படம் இல்லாமல், விருந்தினர் பெயர் இல்லாமல்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆரம்பக்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.